மாசிக் குயில்

மாசியில் பனி விலகியதும், குயிலின் முதற்குரலை எங்கள் தெருவுக்கு அறிவிப்பவன் நான். அதை ஊர் எனக்குக் கொடுத்த ஒரு பட்டம் போலவே மதித்து வந்தேன்.

இவ்வாண்டும் ஒரு விடியலில், தெருவில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தோம். பனி இல்லாததால் நூல் விரைவாக உலர்ந்தது. எதிர்வீட்டு மாமரம் பூத்திருந்தது. திடீரென அனைவரும் அம்மரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் என் காதருகே வந்து சிரித்தார். "இன்னா சார், குயிலு கூவிக்கினே இருக்குது, நீங்க வாயே தொறக்கல? அது மேல கோவமா?"

"அதெல்லாம் கேட்டுச்சு. மொதல்ல பாவு நூலப் பாருய்யா."

எனக்கு எதுவுமே கேட்கவில்லை. வீட்டுக்குள் சென்றேன். உள்ளறையில் என் மனைவி நெய்துகொண்டிருந்தாள். தறியோசை வழக்கம்போல் கேட்டது. சற்றே ஆறுதல் அடைந்தேன். ஊஞ்சலில் அமர்ந்து கால்களைத் தரையிலிருந்து தூக்கினேன்.

ஓசை மறைந்தது. அவளோ இன்னும் நெய்துகொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் தறியை நான் கேட்கவில்லை, பாதங்களால் உணர்ந்திருக்கிறேன். அப்படியொரு அச்சத்தை அதற்குமுன் அறிந்ததில்லை.

அவள் எழுந்து என் முகத்தருகே வந்தாள். "இன்னாங்க, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"குயிலு கூவுதா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அருகில் அமர்ந்து என் கையைப் பற்றி, குயில் கூவும்போதெல்லாம் மெல்ல அழுத்தினாள்.

இப்போது தினமும் காலையில் அப்படித்தான் அமர்ந்திருக்கிறோம். அழுத்தம் சற்றே தாமதித்தாலும் என் நெஞ்சு பதறுகிறது. ஓய்ந்தது குயில்தானா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.