நான் ஊற்றிய உப்புத் தண்ணீர்

விலங்கியல் முதுகலை ஆய்வுக்காக, கடலே இல்லாத மைசூரில், மூன்று நட்சத்திர மீன்களை வளர்த்தேன். மல்பே கடற்கரையிலிருந்து கேனில் அடைத்து, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. நட்சத்திர மீன் சிப்பிகளைத் தின்பதால்தான் பாறையில் பாசிக்கும் நத்தைக்கும் இடம் கிடைக்கிறது. இல்லாவிட்டால் சிப்பியே பாறை முழுவதையும் மூடிவிடும். ஒவ்வொன்றும் வாரத்துக்கு எத்தனை சிப்பி தின்கிறது என்று எண்ணுவது என் வேலை.

என் கிராமமான மார்டள்ளியில், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கு போனாலும் அதைச் சொல்லாமல் திரும்பமாட்டேன்.

தொட்டியில் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை குறையும். ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா ஒருநாள் குடத்தோடு வந்தார்.

“நல்ல தண்ணி ஸ்வல்ப ஊத்தட்டாம்மா? ரசம் சுண்டினா உப்பு கரிக்குமே, அதுமாதிரி ஆயிடப்போகுது.”

“கடல் பிராணிக்கு நல்ல தண்ணியா? படிச்சது நானா, நீங்களாக்கா?”

“நீதாம்மா. நான் படிச்சிருந்தா இந்தத் தொடப்பம் உன் கையில இருந்திருக்கும்” என்று சிரித்தபடி போய்விட்டார்.

நான் வாளியில் உப்புக் கரைத்து, உப்பின் அளவு காட்டும் மானியால் சரிபார்த்து ஊற்றினேன். வாளியைத் தினமும் அளந்தேன்; தொட்டியை ஒருநாளும் அளக்கவில்லை. ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான். உப்பு அங்கேயே தங்கி, நான் ஊற்ற ஊற்ற ஏறியது.

உப்பு கூடினால் நட்சத்திர மீனால் அதைத் தடுக்க முடியாது. அதன் உடம்புக்குள் ஓடுவதும் சுற்றியிருக்கும் தண்ணீர்தான். முதலில் தின்பதை நிறுத்தின. பிறகு வெள்ளைப் புண்கள் வந்தன. ஒரு காலையில், ஒன்றின் கை கழன்று, வாயில்லாமல் தனியாகக் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. அன்றுதான் மானியைத் தொட்டிக்குள் விட்டேன். இரண்டே நாளில் மூன்றும் செத்தன.

காரணத்தை எழுதித் தரும்படி பேராசிரியர் கேட்டார். நான் எழுத உட்கார்ந்தபோது அக்கா கதவருகே நின்றார்.

“நான் தண்ணி ஊத்திட்டேன்னு எழுதிடாதேம்மா. வேலை போயிடும்.”

“அப்படி எழுதுவேன்னா நெனச்சீங்க?”

அவர் மேசையருகே வந்து தாளைப் பார்த்தார்.

என் தவறு என்றே எழுதினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லியும் காட்டினேன். தலையாட்டினார். பேராசிரியரிடம் கொடுப்பதாகச் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார். வராந்தாவில் போன வேறொரு மாணவியை நிறுத்தி, இதில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கன்னடத்தில் கேட்டது எனக்குக் கேட்டது.