வெட்டுப்படாத ராணி

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தேன். ஆண்டு விளையாட்டு விழாவுக்குப் பேர் கொடுக்கப் போனால், செஸ் ஆண்களுக்கு மட்டும் என்றார்கள். பெண்களுக்குக் கோலப்போட்டி இருக்கிறதாம். விருதுநகரிலிருந்து மூட்டை கட்டி வந்தது கோலம் போடவா? பட்டியல் எழுதுகிற ஸ்டோர்ஸ் சாரிடமே போய் நின்றேன். பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், எரிச்சல் வந்தால் கன்னடம். தன்னை ஜெயித்துக் காட்டினால் என் பேரை எழுதுவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கேன்டீன் மேஜையில் ஆட்டம். அரை மணி நேரம்தான் இருந்தது. டிபன் பாக்ஸை நான் திறக்கவே இல்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் அவர் பக்கம். இருக்கட்டுமே என்று பதறாமல் ஆடினேன். தட்டுத்தடுமாறி என் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிட்டது. அப்படித் தொட்டால், வெட்டுப்பட்ட காய்களில் ஒன்றைத் திரும்ப எடுக்கலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அண்ணன்களோடு அப்படித்தான் ஆடிப் பழக்கம். அதுவரை நான் பறிகொடுத்தது ஒரு குதிரையும் நாலு சிப்பாயும்தான். குதிரையை எடுத்து வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் காயை நகர்த்தினார். அடுத்த ஏழெட்டு நகர்த்தலில் என் ராஜாவை மடக்கிவிட்டார்.

காய்களை டப்பாவில் போடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"குதிரைக்குப் பதிலா ராணி எடுத்திருந்தா நான் காலிம்மா."

"என் ராணிதான் வெட்டுப்படவே இல்லையே சார்?"

"இருந்தா என்ன? ரெண்டு ராணி வச்சுக்கலாம். ரூல் அப்படித்தான்."

எனக்கு வந்ததே ஆத்திரம். அவர் மேலா, அண்ணன்கள் மேலா, தெரியவில்லை. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றார். நியாயம்தான், அதனால் இன்னும் எரிந்தது. நாளைக்கு மறுபடி ஆடலாம் என்றேன். பட்டியலை இன்றே ஆபீசில் கொடுத்தாக வேண்டும் என்றார்.

"அப்ப மொதல்ல பேரை எழுதுங்க சார். நாளைக்கு ஆடுவோம்."

சைரன் ஊதியது. எல்லாரும் லைனுக்கு ஓடினார்கள். நான் அசையவில்லை. லேட்டானால் சூப்பர்வைசர் திட்டுவார், திட்டட்டும். ஸ்டோர்ஸ் சார் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

மறுநாளும் தோற்றேன். அதற்குள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். பேரை அடித்துவிடவா என்று கேட்டார்.

"கை வச்சுப் பாருங்க சார்" என்றேன்.