புதியவர்கள் உட்கார்ந்திருக்கலாம்

எங்கள் ஆலயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மறுவாரம் வராமல் இருப்பதற்கு நாங்கள் ஒரு நல்ல ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் வரவேற்பு.

பிரசங்கத்துக்கு முன்னால் அறிவிப்புகள் வாசிப்போம். அவை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்து, "இன்னைக்குப் புதுசா வந்திருக்கவங்க தயவாய் எழுந்து நில்லுங்க" என்பார். எழுந்தவர் கையில் கம்பியில்லாத மைக் ஒன்று திணிக்கப்படும். பெயர், ஊர், யார் அழைத்து வந்தது எல்லாம் சொல்லியாக வேண்டும். பிறகு சபை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டு, கைதட்டி, வரவேற்புப் பாட்டைச் சரணம் விடாமல் பாடும். முடிவில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. மாமல்லபுரம் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்து ஆராதனைக்கு நுழைந்த படூர்த் தம்பதி ஒன்று, பாட்டு முடிவதற்குள் காரைக் கிளப்பிவிட்டதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோஜாவோடு ஓடிய எங்கள் வரவேற்புக் குழுவினர் கேட் வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

இதெல்லாம் எனக்கு உறுத்தியதே இல்லை. உறுத்த வைத்தது ஒரு மீன்காரப் பெண். ஆலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் நான் வாடிக்கையாக மீன் வாங்குவது அவளிடம்தான். தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் ஆலயத்தின் கடைசி பெஞ்சில், செருப்புகள் கிடக்கும் வாசலை ஒட்டி வந்து உட்காருவாள். பாட்டுகளின்போது கண்ணை மூடிக்கொள்வாள். அறிவிப்புத் தாள் வெளியே வந்ததும் அவள் இருந்த இடம் காலியாகிவிடும்.

ஈஸ்டர் கழிந்து ஒரு நாள், சங்கரா வாங்கப் போனபோது கேட்டேன். அவளோடு சேர்ந்து கடை போடும் மாமியார் பக்கத்தில் இல்லை, ஐஸ் வாங்கப் போயிருந்தார்.

"ஏம்மா, வாராவாரம் பாதியிலயே எழுந்து போயிடறியே?"

"பின்ன இன்னாக்கா? உங்காளு மைக்க எடுத்துகினு வர்றாரு. நான் பேரு சொன்னா அந்தக் கூம்பு ஸ்பீக்கர்ல மார்க்கெட்டு பூரா கேக்கும். எங்க மாமியா இங்கதான் கூறு போட்டுகினு ஒக்காந்துனு கீது. நானே டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துகினு கீறேன்."

"இவ்வளவு நேரமா டீ குடிப்பாங்க?"

"ஆற வச்சுக் குடிக்கிறேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "மதம் மாறல்லாம் வரலக்கா. யாரும் என்ன 'ஏய்'னு கூப்புடாம கொஞ்ச நேரம் ஒக்காந்து பாட்டு கேக்குறேன். இந்த ஊர்ல எனக்கு அதுக்கு வேற எடம் கெடயாது. நீங்க என்னிய புடிச்சு நிக்க வச்சீங்கன்னா அதுவும் பூட்ச்சு."

அந்த வாரமே கமிட்டியில் பேச்சை எடுத்தேன். பாடகர் குழுத் தலைவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கல்பாக்கம் அணுமின் நிலைய வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். தங்கமான மனுஷர், வழக்கங்களில் மட்டும் கல்.

"மிஷனரிமார் காலத்துல இருந்து வாரதும்மா. அதுல கை வைக்கப்பிடாது."

"மிஷனரி கம்பியில்லா மைக் வச்சிருந்தாரா அண்ணே?"

எங்கள் இளம் போதகர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். உண்மையில் எங்கள் ஆலயக் கட்டடமே கல்பாக்கத்துக்கு ஆட்கள் வேலைக்கு வந்த பிறகு எழுந்ததுதான். அதை எந்த மிஷனரியும் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

எதுவானாலும் அது எப்போது தொடங்கியது என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு. செங்கல்பட்டில் பழைய கோப்புகளைத் தேடி எடுக்கும் வேலைக்குப் போய்வந்த காலத்திலிருந்தே இருக்கிற வியாதி. ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்தேன். "ஆதியிலிருந்தே உண்டு" என்று பலர் சத்தியம் செய்தார்கள். நான் விடவில்லை. உங்கள் கல்யாணத்தன்று சொந்தக்காரர்களை எழுப்பினார்களா? பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று? ஒரு தாய் யோசித்துச் சொன்னார்: மூத்தவனுக்கு எழுப்பவில்லை, இளையவனுக்கு எழுப்பினார்கள். நான் குதிக்காத குறை. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே வந்தது சுனாமி.

அந்த நூலைப் பிடித்து இழுத்ததும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு வெளியூர்களிலிருந்து அரிசியும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் ஆட்கள் வந்தார்கள். திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அவர்களை எழுப்பி நிறுத்தி, பெயர் கேட்டு, ஒரு பாட்டுப் பாடி அனுப்பினோம். கொடுக்க வந்தவர்களுக்காக உண்டான மரியாதை அது. அவர்கள் போன பிறகு, ஒதுங்கி உட்கார வந்தவர்கள்மீதும் அதையே பிரயோகித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டைக் கட்டியது யார் என்றும் விசாரித்தேன். விடை கிடைத்ததும், அதைத் தலைவரிடமே போய்ச் சொல்ல எனக்கு ஒரே குஷி.

"அண்ணே, பாட்டு உங்களுதாமே?"

அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "ஆமால்லா... நான்தான கெட்டுனேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ மிஷனரி நான்தானா?"

போதகருக்கு இந்த முறை இருமலும் உதவவில்லை.

திரித்துவ ஞாயிறன்று மாற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. புதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், சபையார் எழுந்து தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். வெளியே இருக்கும் கூம்பு ஸ்பீக்கர் நிறுத்தப்படும். மார்க்கெட்டில் போய் விஷயத்தைச் சொன்னேன். "பாப்போம்" என்றாள், ஐஸைக் கொட்டிக்கொண்டே.

அன்று வந்தாள். அறிவிப்புத் தாள் வெளியே வந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். என் பாதி உயிர் அந்த ஓரத்தில் இருந்தது.

முதலில் தலைவர் எழுந்தார். எத்தனையோ பேர் கையில் மைக்கைத் திணித்த மனுஷர், தன் பெயரை அதில் ஒருநாளும் சொன்னதில்லை போலிருக்கிறது. "என் பேரு..." என்றார். நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் "என் பேரு..." என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி, "ரேஷன் கார்டுல போட்டிருக்குல்லா, அதச் சொல்லுங்க!" என்று குரல் கொடுத்தார். ஆலயம் குலுங்கியது. கடைசி பெஞ்சுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு யாராலும் யாரையும் அடக்க முடியவில்லை. ஒரே பாட்டுப் புத்தகத்தை வருஷக்கணக்காகப் பங்கிட்டுப் பாடி வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எழுந்து, தனக்குச் சொந்த ஊர் செய்யூர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு என்றார். மற்றவர் மைக் இல்லாமலே கத்தினார்:

"யோவ், அது எங்க தெருய்யா! எந்த வூடு?"

"கெணத்தாண்ட."

"சவுக்கு லாரி ஓட்டுவாரே, அவரு புள்ளயா நீ? இத்தினி நாளு இன்னாய்யா பண்ணிகினு இருந்த?"

"உன் பக்கத்துலதான் மச்சான் ஒக்காந்துகினு இருந்தேன்!"

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். போதகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிரசங்கக் குறிப்பில் பாதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதற்கும் சேர்த்து ஒரு ஸ்தோத்திரம் எழும்பியது.

மைக் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. போன வேகத்தில், எங்கள் வரவேற்புக் குழு அம்மா ஒருவர் பழக்க தோஷத்தில் அதைக் கடைசி பெஞ்சுக்காரியின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார். "சொல்லும்மா, சொல்லு, வெக்கப்படாத!"

எல்லாத் தலைகளும் திரும்பின. செருப்பு எட்டும் தூரத்தில் கிடந்தது. அவள் காலால் அதைத் தேடினாள். பிறகு மைக்கை வாங்கினாள்.

"நான் கேட்டுகினு கீறேன்" என்றாள். "நீங்க சொல்லுங்க."

மைக்கைத் திருப்பி அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டாள். அந்த அம்மா பதறிப்போய்த் தன் பெயர், ஊர், பிறந்த வீடு, சர்க்கரை வியாதி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சிரிப்பு அடங்கப் பிரசங்கத்தின் முதல் வசனத்தை மூன்று தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

அவள் பிரசங்கத்துக்கு இருந்தாள். காணிக்கைப் பாட்டுக்கு இருந்தாள். கடைசி ஆசீர்வாதத்துக்கு எல்லோரோடும் தலை குனிந்து இருந்தாள். ஆமென் சொன்ன கையோடு நான் வாசலுக்கு விரைந்தேன். அவள் எனக்கு முன்பே அங்கே தலைவரை மடக்கியிருந்தாள்.

"அண்ணாத்த, கடசிப் பாட்ட இன்னாத்துக்கு அவ்ளோ மேல எடுத்தீங்கோ? கூடப் பாடலாம்னு பாத்தா தொண்ட பேஜாராப் பூட்ச்சு."

எங்கள் தலைவரிடம் சுருதி அதிகம் என்று சொல்லும் துணிச்சல் பாடகர் குழுவிலேயே யாருக்கும் இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவர் யோசித்தார்.

"வாற வாரம் ஒரு கட்டை கொறைச்சுப் பாடுவோம்."

"ரெண்டு கட்ட."

"ரெண்டுன்னா ஆம்பளைங்க குரல் கெணத்துக்குள்ள போயிரும்மா."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒண்ணர."

"ஒண்ணரை" என்றார் அவர்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தாள்.