பூட்டு விழாத கியர்

இதை எழுதலாமா என்று பல வருடம் யோசித்தேன். பேனாவை எடுப்பேன், அண்ணன் முகம் தெரியும், வைத்துவிடுவேன். போன வாரம் அண்ணன் வீட்டிலிருந்து திரும்பிய என் மகள் என் மனைவியிடம், "அம்மா, உன் தீட்டாலதான் காரு உருண்டுச்சாமா?" என்று கேட்டாள். இனி யோசிக்க ஒன்றுமில்லை.

தொண்ணூற்றெட்டு ஆடி மாதம். அண்ணனிடம் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் இருந்தது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். கொல்லிமலை வளைவுகளில் ஏறி ஏறி அதன் கியர்பாக்ஸ் கெட்டது. சேலத்தில் ஒரு பட்டறையில் வேறொன்று மாட்டினார்கள். எடுத்துவர நானும் போயிருந்தேன்.

மெக்கானிக் என் எதிரிலேயே சொன்னார்: "லீவர் கம்பிக்கு இன்னும் அளவு வெக்கலீங்க. வண்டிய நிறுத்தி 'பி'ல போட்டாலும் உள்ளாற பூட்டு விழாது. நாளைக்கு வாங்க, முடிச்சுத் தாரேன்."

"நாளைக்குப் பதினெட்டுங்க, மலைக்குப் போவணும். சாமி பாத்துக்கும்" என்று அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அண்ணன் குடும்பமும் என் குடும்பமும் காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏறினோம். பாதி வழியில், வளைவோரம் இருக்கும் கருப்பனாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கினோம். எங்கள் பக்கம் மேட்டில் வண்டியை நிறுத்தினால் டயருக்குக் கல் வைக்காமல் யாரும் நகர மாட்டார்கள். நான் கல்லைத் தூக்கினேன்.

"கீழ போடுடா! கல்லு வெக்கறது லாரிக்காரனுக்கு. இது தானா பூட்டிக்கும்."

"நேத்து அந்த மெக்கானிக்கு..."

"நீயென்ன அவனுக்கு அசிஸ்டெண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கல்லைக் காலால் தள்ளிவிட்டார். மடியில் குழந்தை தூங்கியதால் என் மனைவி பின்சீட்டிலேயே இருந்தாள். "புள்ள முழிச்சுக்குமுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

தேங்காய் உடைகிற சத்தம், உடனே அவள் அலறல். கார் பின்னால் உருண்டுகொண்டிருந்தது. அவள் குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி முன்சீட்டுக்கு நடுவே பாய்ந்து கைபிரேக்கை இழுத்தாள். பின்டயர் பள்ளத்தோரத் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது.

காப்பாற்றியவள் அவள். அண்ணி ஓடிவந்து கேட்டது இது: "ஏன் நீ மட்டும் எறங்கல? வீட்டுக்குத் தூரமா இருந்துட்டு மறைச்சியா?"

என் மனைவி "சத்தியமா இல்லீங்கக்கா" என்று அழுதாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் காருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பிறகு சத்தமில்லாமல் சேலம் போய்க் கம்பிக்கு அளவு வைத்துவந்தார். தீட்டு என்றால் அளவு எதற்கு? நான் கேட்டேன். "விடுடா, சாமி விஷயம்" என்றார்.

சாமி விஷயமா? நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன். முடிக்காத வேலையை அவசரத்தில் ஓட்டிவந்து, வைக்கவந்த கல்லைத் தள்ளிவிட்டு, பழியைக் கருப்பனார் மேலும் ஒரு பெண் மேலும் போடுவது பக்தியா? இன்றும் குலதெய்வப் பொங்கலில் பானையைத் தொட அவளை விடுவதில்லை. அந்த நாளில் அவளுக்குத் தூரமில்லை. இருந்திருந்தாலும் கார் அதனால் உருளாது.

இந்தக் கதையை எங்கள் சொந்தத்தில் யாராவது எடுத்தால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். கம்பியை விடாதீர்கள், கல்லை விடாதீர்கள், கைபிரேக்கை இழுத்தது யார் என்பதையும் விடாதீர்கள். நடக்காத தீட்டை மட்டும் சேர்க்காதீர்கள்.