மழைக்கு நிற்கும் வைப்பர்

கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் றோஸியின் வேனைத் தெரியாதவர்கள் குறைவு. காலை ஐந்தே முக்காலுக்கு முதல் ஹோர்ன் கேட்கும். ஆறேகாலுக்குப் பதினான்கு பெண்பிள்ளைகளும் உள்ளே இருப்பார்கள். ஏழு மணி அடிக்கையில் வேன் வெள்ளவத்தையில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும். வேன் வாங்கிய புதிதில் ஒரு சாரதி இருந்தான். அவன் ஒரு திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விட்டான். லைசன்ஸ் எடுத்து அலுமாரிக்குள் வைத்திருந்த றோஸி, "இண்டைக்கு மட்டும் நான் ஓடுறன்" என்று சாவியை எடுத்தாள். அந்த ஒரு நாள் பதினொரு வருஷமாக நீண்டுவிட்டது.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஸ்டியரிங்கில் பயமென்று ஒன்று இல்லை. இரு பக்கமும் ஒரு கை அகலமே மிஞ்சும் சந்துக்குள் வேனைப் பின்னுக்கு எடுத்து, மதிலில் பூசிய சுண்ணாம்பு ஒட்டாமல் வெளியே வருவாள். கடலோரப் பெருந்தெருவான காலி வீதியில் தனியார் பஸ்காரன் உரசுவது போல வந்தால் கண்ணாடியை இறக்கிச் சிங்களத்தில் இரண்டு சொல் சொல்வாள். அவன்தான் ஒதுங்குவான். வேனில் எந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் போனது இந்த வைப்பர் ஒன்றுதான்.

ஒக்டோபர் பிறந்ததிலிருந்து அது ஒரு விளையாட்டுக் காட்டியது. வெயிலில் போட்டுப் பார்த்தால் ஆடும். மழை வந்து, அது வேண்டும் என்கிற நேரத்தில் களைத்தவன் மாதிரி மெதுவாகி, கண்ணாடியின் நடுவில் நின்றுவிடும். ஓரமாக நிறுத்திச் சற்றுப் பொறுத்தால் மறுபடி ஆடும். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை பகல் கொள்ளுப்பிட்டியில் கொட்டிய மழையில் நான்கு தடவை நின்றது. நான்கு தடவையும் றோஸி இறங்கி, துவாயால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தாள். ஐம்பது நிமிஷம் பிந்திவிட்டது.

கடைசிக்கு முந்திய வீட்டு வாசலில் டில்ஷானி குடையுடன் நின்றாள். அவளுடைய மகள் ஐந்தாம் வகுப்பு. பெற்றோரின் வட்ஸ்அப் குறூப்பில் எல்லாருக்குமாகக் கதைப்பவள் அவள்தான்.

"றோஸி அன்ரி, நீங்க ஓடுற ஓட்டத்தில குறை சொல்லேலாது. ஆனா மழையில முன்னுக்கு ஒண்டும் தெரியாம வாறது சரியா?"

"தெரியாம ஆர் வந்தது? இறங்கித் துடைச்சுத் துடைச்சுத்தானே வந்தனான்."

"நடுரோட்டில இறங்கி! அதைத்தான் நானும் சொல்றன்." டில்ஷானி குடையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "கோவிக்காதீங்க. இந்தக் கிழமை பாப்பம். இன்னொருக்கா நிண்டுதெண்டா திங்கள்லேருந்து எல்லாரும் ரொனிட வேனுக்கு மாறுறதெண்டு கதைச்சிருக்கிறம். அவரும் வாறனெண்டுதான் சொன்னவர்."

ரொனியின் வேன் புதியது, ஏசியும் இருந்தது. பதினான்கு பிள்ளைகளும் மொத்தமாகப் போனால் தன் வேன் வீட்டு வாசலில் உடுப்புக் காயப்போடத்தான் உதவும் என்று றோஸிக்குத் தெரியும். "வெள்ளிக்கிடையில சரியாகும்" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே ஜவாத் நானாவின் கராஜுக்குப் போனாள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், பள்ளிவாசலுக்கு மூன்று மதில் தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே அவர் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்கிறார். அறுபதை நெருங்கும் மனிதர், எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். டோஹாவில் பஸ் கொம்பனியொன்றில் இருபது வருஷம் இதே வேலைதான். ஒரு முனையில் ஊசியும் மறு முனையில் கிளிப்பும் உள்ள, கறன்ட் வருகிறதா என்று பார்க்கும் சின்ன டெஸ்ட் லேம்ப் எப்போதும் அவருடைய சட்டைப் பையில் கிடக்கும்.

"போன மாசம் மோட்டர மாத்தினேன். சுவிச்சக் கழட்டிக் கழுவினேன். பியூஸும் புதுசு. இனி என்னத்த மாத்துற, ஒங்களையா?" என்றார்.

"என்னை மாத்தத்தான் ரொனி வந்து நிக்கிறான் நானா."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கும் ஹோஸை இழுத்து வந்தார். கண்ணாடியில் தண்ணீரை விட்டுக்கொண்டே முக்கால் மணித்தியாலம் வைப்பரை ஓடவிட்டார்கள். அது ஒரு தடவைகூடச் சுணங்கவில்லை.

"எங்கட ஊட்ல வேலைக்கு வந்த புதுப் பொண்ணு மாதிரி ஈக்குது. பாக்கிற நேரம் மட்டும் நல்லா வேல செய்யுது" என்றார் ஜவாத் நானா. "தங்கச்சி, நிக்கிறத நான் பாக்காம எனக்கு ஒண்டும் செல்லேலா. மழ பெஞ்சா கோல் எடுங்க. நானும் ஏறுறன்."

புதன்கிழமை அடித்தது வெயில். வியாழன் பதினொரு மணிக்குக் கடற்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கோல் எடுத்த ஐந்தாவது நிமிஷம் ஜவாத் நானா முன் சீட்டில் இருந்தார். மடியில் பழைய துவாய், கையில் டெஸ்ட் லேம்ப். காலி முகத்திடல் வரை போய், சுற்றித் திரும்பினார்கள். முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்குக்கூடத் தெரியாத மழை. வைப்பர் பென்டுலம் மாதிரி ஆடியது. மேட்டில் ஏற்றினாள், பள்ளத்தில் விட்டாள், சடக்கென்று பிறேக் போட்டாள்.

"கொல்லப் பாக்காதீங்க. எனக்கு நாலு பேரப்பிள்ளயள் ஈக்குது."

"குலுக்கத்தில வயர் கழருதோ எண்டு பாத்தனான்."

"என்ட பல்லுத்தான் கழருது."

பன்னிரண்டு பத்துக்கு ஒழுங்கை முனையில் இறங்கினார். பகல் தொழுகையான லுஹருக்கு நேரமாகியிருந்தது. கதவைச் சாத்துவதற்கு முன் வைப்பரை ஒரு தரம் முறைத்துப் பார்த்தார். "நான் ஈந்தா நிக்காது போல. என்னத்தான் ஒங்களுக்கு ஃபிட் பண்ணி உடோணும்" என்றுவிட்டு, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

றோஸி வேனைக் காலி வீதிக்குத் திருப்பினாள். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. டேஷ்போட்டில் நின்ற புனித அந்தோனியார் சிலையின் விளக்கைப் போட்டாள், நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள், கியரை மாற்றினாள். இரண்டு பஸ் தரிப்பிடம் கடக்கவில்லை. வைப்பர் மெதுவாகிற்று. இன்னொரு தடவை தவழ்ந்து ஏறி, கண்ணாடியின் நடுவில் நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். ஓரமாக நிறுத்தி, கையை ஸ்டியரிங்கில் அடித்தாள். பிறகு அடித்த கையைப் பார்த்தாள். இப்போது என்ன செய்தேன்? நானா இறங்கினார். கதவைச் சாத்தினார். திருப்பினேன். விளக்கைப் போட்டேன்.

விளக்கை அணைத்தாள். வைப்பர் ஒரு உதறலோடு கீழே வந்து, மறுபடி ஏறி, தன் பாட்டில் ஆடத் தொடங்கியது. விளக்கைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தளர்ந்து நின்றது. அணைத்தாள். ஆடியது. ஐந்து தரம் போட்டு அணைத்துப் பார்த்தாள். ஐந்து தரமும் அதே கதை. ஒரு கணம் அந்தோனியாருக்குத்தான் தன்மேல் ஏதும் மனக்குறையோ என்று தோன்றியது. சிலையின் முகத்தைப் பார்த்தாள். அவர் எப்போதும் போலக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு இதில் சம்பந்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தச் சிலையைச் சுற்றி வளையமாகப் பன்னிரண்டு சின்ன பல்புகள். வேன் வாங்கிய வருஷம் அவளுடைய கணவர் பேர்னாட் தன் கையாலேயே பூட்டியவை. அவருக்குத் துறைமுகத்தில் கிறேன் வேலை. வயரைத் தொட்டால் தனக்கும் தெரியும் என்ற தைரியம் அங்கே பழகியது. பயணம் தொடங்கினால் விளக்கைப் போடுவதும், ஜவாத் நானாவின் ஒழுங்கைக்குள் திரும்பினால் அணைப்பதும் றோஸியின் கைக்குச் சிக்னல் போடுவது போலப் பழகிப்போயிருந்தது.

பன்னிரண்டரைக்கு ஜவாத் நானா தொழுதுவிட்டு வரும்போது வேன் கராஜ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"நானா, இந்த லைற்றப் போட்டா அது நிக்குது."

அவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். "இத்தன நாளும் அது எரிஞ்சதா?"

"ஓம். றோட்டில எப்பவும் எரியும்."

"நான் ஒரு நாளும் காணல்லயே!"

"இஞ்ச வரேக்க ஓஃப் பண்ணிடுவன்." அவள் கொஞ்சம் தடுமாறினாள். "பள்ளிவாசலுக்குப் பக்கத்தில... நீங்களும் தொழுற ஆள். மின்னிக்கொண்டு வந்து நிக்கிறது மரியாதையில்லை எண்டு. இண்டைக்கும் நீங்க ஏறினபடியாத்தான் போடேல்ல."

ஜவாத் நானா நெற்றியில் கை வைத்தார். "நீங்க எனக்காக அணைக்கிறீங்க. நான் ஒங்களுக்காகத் தொடல்ல. அங்க ஒரு செவப்பு வயர் மேலுக்குப் போறத மோட்டர் மாத்தக்குள்ளயே கண்டேன். அது அவங்கட சாமிட சாமான், நம்மட கை அதுல வேணாம் என்டு உட்டுட்டேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் மரியாத பாத்துப் பாத்து ஒரு நல்ல மோட்டரக் கழட்டிப் போட்டீக்கிறோம்."

"தொடுங்க நானா. அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

"அவர் செல்லமாட்டார். நீங்க ஊட்டுக்குப் போய்ச் செல்லுவீங்களோ என்டுதான்."

றோஸி சிலையைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் வேண்டாமென்றார், நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும், வயர்தான் பேச்சு. வைப்பர் மோட்டருக்குப் போகும் சொக்கற்றில் ஊசியைக் குத்தி, கிளிப்பை வேனின் இரும்பு உடலில் மாட்டினார். டெஸ்ட் லேம்ப் வெள்ளையாக எரிந்தது. வைப்பரைப் போடச் சொன்னார். வெளிச்சம் இலேசாகக் குறைந்தது.

"இப்ப அவர்ர லைற்றப் போடுங்க."

போட்டாள். டெஸ்ட் லேம்புக்குள் ஒரு சிவப்பு நூல் மட்டும் மிஞ்சியது. வெளியே வைப்பர் திக்கித் திணறியது.

"கண்டீங்களா? கறன்ட் வருது, ஆனா சத்தில்ல. நடுவுல ஒரு எடத்துல மூச்சு அடைக்குது. ஒண்டு குடிச்சாத் தாங்கும். ரெண்டும் சேந்து குடிக்கக்குள்ள அந்த எடம் சூடாகுது, பொறகு ஒண்டும் போகமாட்டுது. நிப்பாட்டினா ஆறுது. பொறகு ஆடுது."

டேஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தார். இரண்டு நிமிஷத்தில் அவருடைய குரல் உள்ளிருந்து வந்தது. "தங்கச்சி, ஒங்கட ஊட்ல ஆருக்குக் காயம்?"

இழுத்துக் காட்டினார். வைப்பருக்குப் போகும் வயரின் தோலை உரித்து, அதிலேயே விளக்கு வயரை முறுக்கி, அதற்கு மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் சுற்றியிருந்தது. கண்ணாடி றப்பர் வழியாகக் கசிந்த தண்ணீர் ஊறி ஊறி, உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. தொட்டதும் பாதி உதிர்ந்தது.

றோஸி போனை ஸ்பீக்கரில் போட்டாள். "பேர்னாட், அந்தோனியார்ர லைற்றுக்கு எதுக்குள்ளயிருந்து கறன்ட் எடுத்தனீங்க?"

"ஏன், வைப்பர் வயரில. சாவி போட்டாத்தான் எரியோணும் எண்டு யோசிச்சு எடுத்தனான். ஏன், நல்ல ஜொயின்ற்தானே?"

"பிளாஸ்டர் சுத்தியிருக்கு."

"அண்டைக்கு வீட்டில வயருக்குச் சுத்துற டேப் இருக்கேல்ல." பிறகு அவரே சேர்த்துக்கொண்டார்: "பதினொரு வருஷம் நிண்டிருக்கே!"

"நிண்டதுதான் பிரச்சினை" என்று அவள் போனை வைத்தாள். ஜவாத் நானா கீழே கிடந்தபடியே குலுங்கிச் சிரிப்பது அவருடைய காலில் தெரிந்தது.

மணி ஒன்றாக அரைமணித்தியாலமும் இல்லை. பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. அவர் பழுதான துண்டை வெட்டி எறிந்து, வைப்பருக்குப் புது வயர் போட்டு ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். விளக்குக்கு பற்றரியிலிருந்து தனி வயர், தனி பியூஸ். சாவி போட்டால் மட்டும் எரிய ஒரு றிலே. றப்பர் ஓரத்தில் சிலிக்கன் பிதுக்கினார். ஒன்று பத்துக்கு எழுந்து நின்று, "போடுங்க ரெண்டையும்" என்றார்.

பன்னிரண்டு பல்பும் எரிந்தன. வைப்பர் ஆடியது. டெஸ்ட் லேம்ப் வெள்ளையாகவே நின்றது. அவர் அதைப் பத்து நிமிஷம் கண்ணெடுக்காமல் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"பழைய மோட்டர் மூலைக்குள்ள கெடக்குது. அதுல ஒரு பழுதும் இல்ல, நான்தான் அவசரப்பட்டேன். ஸ்பெயாருக்குக் கொண்டு போங்க" என்று அதை சீட்டுக்குக் கீழே தள்ளினார். "இனி இஞ்ச வரக்குள்ள ஒண்டையும் அணைக்காதீங்க. என்னென்ன எரியுது என்டு எனக்குத் தெரியோணும்."

பிள்ளைகள் ஏறும்போதே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பம்பலப்பிட்டியில் கொஞ்சம், கொள்ளுப்பிட்டியில் இன்னும் கூடுதலாக, புறக்கோட்டையில் வாளியால் ஊற்றுவது போல. திங்கட்கிழமை பட்ட பாடு பிள்ளைகளுக்கு நினைவிருந்தது. முன் சீட்டில் இருந்த டில்ஷானியின் மகள் வைப்பர் ஆட ஆட எண்ணிக்கொண்டு வந்தாள். அறுநூற்றுக்கு மேல் எண்ணிக்கை தவறியது. "அன்ரி, இண்டைக்கு நிக்காதா?" என்று ஒருத்தி பின்னாலிருந்து ஏமாற்றத்தோடு கேட்டாள். துவாய் பிடித்து உதவலாமென்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள்.

கொட்டாஞ்சேனையில் ஒவ்வொரு வீடாக இறக்கிக்கொண்டு டில்ஷானியின் வாசலுக்கு வந்தபோது மூன்று நிமிஷம் முந்தியிருந்தது. டில்ஷானி குடையோடு வந்து மகளை இறக்கினாள். கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்த வைப்பரைப் பார்த்தாள்.

"சரியாயிட்டுதா அன்ரி? என்னவாம்?"

"வயர் ஒண்டு பழுது. எங்கட வீட்டுக்காரர் பூட்டினது. இப்ப புதுசு போட்டாச்சு."

"நல்லது. அப்ப நாளைக்கும் பாத்திட்டு..."

"எத்தினை நாளைக்குப் பாக்கப்போறீங்க மகள்? மழை இதைவிடப் பெய்யாது." றோஸி எஞ்சினை நிறுத்தவில்லை. கடைசி வீட்டுப் பிள்ளைகள் இருவர் பின்னால் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். "ரொனி திங்களுக்கு வேற ஓட்டம் பிடிக்காம காத்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் பாவம். இப்பவே ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க. நான் நிக்கிறன்."

"இப்பவா? இந்த மழையிலயா?"

"குடை பிடிச்சிருக்கிறீங்களே."

டில்ஷானி போனை எடுத்தாள். மணி போவது வேனுக்குள்ளும் கேட்டது. றோஸி கண்ணாடியை இறக்கிவிட்டு, தூவானம் முழங்கையில் தெறிக்கத் தெறிக்க, அவள் கதைத்து முடிக்கும் வரை அங்கேயே இருந்தாள். "இல்ல ரொனி, திங்கள் வரத் தேவையில்ல... ஓம், எல்லாருமாத்தான்" என்பது தெளிவாகக் காதில் விழுந்த பிறகுதான் கியரைப் போட்டாள்.