மாடிக்கு வராத ரூத்

ரூத்துக்குக் கால் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேலை போனது அதற்குச் சில மாதங்கள் கழித்து. இரண்டில் எதற்கு அதிகம் அழுதாள் என்று கேட்டால் அவள் அம்மா காசியம்மாள் யோசிக்காமல் சொல்வாள்: "வேலைக்குத்தான்."

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தாள் ரூத். அவள் ஊரான படாளத்தின் கூட்டுரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போக ஸ்கூட்டரைத் திருப்பியவள் பின்னால் வந்த லாரியைப் பார்க்கவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தான் ராப்பகலாக நின்று வேலை பார்த்த அதே பிரிவில் நோயாளியாகக் கிடந்தாள். கூட வேலை பார்த்த பெண்கள் அவளுக்கு ஊசி போட்டுவிட்டு வெளியே போய் அழுதார்கள்.

செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு நடக்கப் பழகியபின் வேலைக்குப் போய் நின்றாள். நிர்வாகத்தில் நல்லபடியாகத்தான் பேசினார்கள். "உடம்பைப் பார்த்துக்கம்மா, பிறகு பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் பிறகு வரவே இல்லை.

அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை முதன்முதலில் வாங்கியவள் அவள்தான். அப்பா சின்னராசுவும் காசியம்மாளும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் அவளைப் படிக்கவைத்தார்கள். அப்பா இப்போது இல்லை. கணவன் ஜெரோம் கல்பாக்கம் குடியிருப்பில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். நல்லவன், அதிகம் பேசமாட்டான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களில் அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அதே சுவரைப் பார்ப்பான்.

வழி காட்டியது அனு. நர்சிங் கல்லூரியில் ஒரே பெஞ்ச். கூடுவாஞ்சேரிக்காரி. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ரூத் எழுதி அனுப்பிய விண்ணப்பத்தைப் படித்துவிட்டுப் போனிலேயே திட்டினாள்.

"என்னடி இது, 'ஐசியூவில் பணி'ன்னு ஒரே வரில முடிச்சிட்டே? மானிட்டர்ல எதைக் கவனிச்சே, எத்தனை பேரை ஒரே நேரத்துல பார்த்துக்கிட்டே, எல்லாத்தையும் எழுது. அவங்க உன்னை நேர்ல பார்க்கப் போறதில்ல. எழுத்துல இருக்கறதுதான் நீ."

ரூத் எழுதினாள். வேலை தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டாள். விளம்பரங்களில் பாதி ஏமாற்று. பயிற்சி என்று சொல்லிச் சேர்த்த ஒருவன் ஒரே வாரத்தில் போனை அணைத்துவிட்டான். உண்மையான நேர்காணல்களும் கைநழுவின. ஒன்றில் பாதியில் கரண்ட் போனது. இன்னொன்றில் பக்கத்துத் தெருவில் காதுகுத்து. ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே அவள் பேசியது எதிர்முனையில் ஒன்றும் புரியவில்லை. "உங்கள் சூழல் அமைதியாக இல்லை" என்று ஒரு வரி பதில் வந்தது.

ஜெரோம் அன்றைக்கே சாமான் அறையைக் காலி செய்தான். ஓட்டைகளைப் பூசி அடைத்தான். கதவின் உள்பக்கம் பழைய மெத்தையை ஆணி வைத்து அடித்தான். இன்வெர்ட்டர் வைத்து, இரண்டு கம்பெனியின் இணைய இணைப்பும் இழுத்தான். "ஒண்ணு பட்த்துக்கினா இன்னொண்ணு நிக்கும்," என்றான். அந்த அறையில் உட்கார்ந்து காசியம்மாளிடம் தினமும் ஆங்கிலத்தில் பேசிப் பழகினாள் ரூத். காசியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே தலையாட்டுவாள். "எனக்கு ஒரு எழவும் புரியல. ஆனா நீ பயப்படாம பேசுற," என்பாள்.

கடைசியில் அனு வேலை பார்த்த நிறுவனத்திலேயே இடம் கிடைத்தது. நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லம். இரவில் அங்கே அறைகளைக் கேமரா வழியாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு இரவு தொடங்கும்போது நமக்கு மதியம். அதனால்தான் இங்கே ஆள் தேடினார்கள். நேர்காணல் செய்த கிளேர் என்ற மேலாளர், மூச்சுத் திணறுகிறவரின் தோளும் கழுத்தும் எப்படி அசையும் என்று கேட்டாள். ரூத் உட்கார்ந்த இடத்திலேயே செய்து காட்டினாள். சோதனைக் காலம் முடிந்ததும் முழுநேர வேலை உறுதியானது. அன்று காசியம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ரூத் கதவைச் சாத்திக்கொள்வாள். திரையில் சாம்பல் நிறத்தில் பன்னிரண்டு அறைகள், பன்னிரண்டு கட்டில்கள். யாராவது எழுந்தாலோ மூச்சு மாறினாலோ பொத்தானை அழுத்த வேண்டும். அங்கே இரவுப் பணியாளரின் கைபேசி ஒலிக்கும். கட்டிலருகே மைக்கோடு ஒலிபெருக்கி உண்டு. அதன் வழியாக அவர்களோடு பேசலாம். ஆனால் எங்கிருந்து பேசுகிறோம் என்று மட்டும் சொல்லக்கூடாது. "முதியவர்கள் குழம்பிப்போவார்கள்" என்று பயிற்சியில் காரணம் சொன்னார்கள். ரூத் என்பது அந்த ஊரிலும் உள்ள பெயர் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. ரூத் கீழ்த்தளத்தில் ஏதோ அலுவலக அறையில் இருக்கிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

டோரதியும் அப்படித்தான் நினைத்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தூக்கம் வராது. "ரூத், கீழே மழை சத்தம் கேட்கிறதா?" என்பாள். படாளத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். "கேட்கிறது டோரதி, நல்ல மழை," என்பாள் ரூத். தான் பேருந்தில் ஏற்றிப்போன பிள்ளைகளைப் பற்றி டோரதி பேசுவாள். ரூத்துக்கும் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கிற வழக்கம் வந்துவிட்டது. கால் போனபின் அவளோடு காலைப் பற்றிப் பேசாத ஒரே ஆள் டோரதிதான்.

"நீ ஏன் ஒரு நாளும் மேலே வரமாட்டேன் என்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டாள் டோரதி.

"திரையை விட்டு எழக்கூடாது, டோரதி."

"பாவம். உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்."

இரண்டாவது வருடம் நல்ல பணியாளர் என்று அவளைப் பாராட்டினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் ரூத் சிரித்தாள் என்று காசியம்மாள் இன்றும் சொல்வாள்.

ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம். டோரதி கட்டிலிலிருந்து எழுந்தாள். ரூத் பொத்தானை அழுத்திவிட்டு, "டோரதி, உட்காருங்கள், ஆள் வருகிறது," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் டோரதி கால் மடங்கி விழுந்தாள். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தலை மோதிய சத்தம் ரூத்தின் காதுக்குள் கேட்டது.

மறுபடி பொத்தான். மறுபடி. யாரும் எடுக்கவில்லை. அன்று இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பணியாளர். அவர் வேறொரு அறையில், மூச்சுத் திணறிய ஒருவரோடு போராடிக்கொண்டிருந்தார். இது ரூத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. கிளேரைக் கூப்பிட்டாள். பதிவுக் குரல்தான் வந்தது. அந்த ஊர் ஆம்புலன்ஸைக் கூப்பிட முயன்றாள். அவள் கையிலிருந்த எந்த இணைப்பிலும் அந்த எண் போகவில்லை. கூடுவாஞ்சேரியில் அதே நேரத்தில் அந்த இல்லத்தின் வேறு அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அனுவுக்குச் செய்தி அனுப்பினாள். அனுவும் டோரதியின் அறையைத் தன் திரையில் திறந்துவைத்துக்கொண்டு, தன் பக்கமிருந்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

டோரதி கத்தினாள். கிழவிக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று ரூத் நினைத்ததில்லை. யாராவது வாருங்கள், யாராவது வாருங்கள் என்று கத்தினாள். தலையிலிருந்து கருப்பாக ஏதோ தரையில் பரவியது. அந்தத் திரையில் நிறம் தெரியாது.

நர்ஸுக்குரிய பழக்கம் ரூத்தின் வாயில் முந்திக்கொண்டது. "டோரதி, கத்தாதீர்கள். தலையை அசைக்காதீர்கள். சக்தியை வீணாக்காதீர்கள்."

"ரூத், நீ வா."

"வருகிறேன்," என்றாள் ரூத்.

"படியேறி வா."

"வந்துகொண்டே இருக்கிறேன். அமைதியாக இருங்கள்."

டோரதி கத்துவதை நிறுத்திவிட்டாள். கதவைப் பார்த்தபடி கிடந்தாள். அதன்பிறகு ரூத் என்ன பேசினாலும் அவள் கண் கதவிலேயே இருந்தது. பணியாளர் ஓடி வந்தபோது பேச்சு நின்றிருந்தது. மறுநாள் மருத்துவமனையில் உயிர் போனது.

ரூத் அறையைவிட்டு வெளியே வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். "இன்னாடி ஆச்சு? இன்னாடி?" என்று காசியம்மாள் உலுக்கினாள். ரூத்தின் மனதில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: டோரதியின் பக்கத்து அறையில், கேமராவும் ஒலிபெருக்கியும் வேண்டாம் என்றுவிட்ட, நன்றாக நடக்கக்கூடிய ஒரு பெரியவர் இருந்தார். டோரதி இன்னும் கொஞ்ச நேரம் கத்தியிருந்தால் அவர் எழுந்து வந்திருப்பார்.

விசாரணை வந்தது. அதற்கு முன்னால் கிளேர் தனியாகப் பேசினாள். நீ விதிப்படிதான் நடந்தாய், உன்மேல் குற்றம் இல்லை என்றாள். டோரதியின் மகள் ஹெலன் கூட்டத்தில் இருப்பாள். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல், கண்காணிப்பு எங்கிருந்து நடக்கிறது என்ற பேச்சை எடுக்காதே என்றாள். அனுவும் கூப்பிட்டாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடி. நம்ம எல்லார் வேலையும் இதுல இருக்கு."

கூட்டத்தன்று ஹெலன் திரையில் வந்தாள். தாயின் தாடை அவளுக்கு. ஊழியர்கள் பற்றாக்குறை, நேரம், விதிமுறை என்று மற்றவர்கள் பேசியதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ரூத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் நினைவு வந்தது. 'ரூத் படியேறி வந்துகொண்டிருந்தாளே, அவளுக்கு என்ன ஆயிற்று, விழுந்துவிட்டாளா?' என்று கேட்டாள். உங்களை நினைத்துத்தான் கவலைப்பட்டாள். நீங்கள் எந்தத் தளத்தில் இருந்தீர்கள்?"

கிளேர் குறுக்கிட வாயெடுத்தாள். அதற்குள் ரூத் சொல்லிவிட்டாள்.

"நான் எந்தத் தளத்திலும் இல்லை மேடம். நான் இந்தியாவில் இருக்கிறேன். படாளம் என்று ஒரு ஊர். என்னால் வந்திருக்க முடியாது. வருகிறேன் என்று பொய் சொன்னேன். உங்கள் அம்மா கத்திக்கொண்டிருந்தார்கள். நான்தான் கத்தவேண்டாம் என்றேன்."

ஹெலன் கேமராவுக்கு அருகே குனிந்தாள். "உன்னை நம்பித்தான் அம்மா சும்மா இருந்தாள்," என்றாள். பிறகு அவள் படம் அணைந்தது. அவளை ரூத் மறுபடி பார்க்கவில்லை.

செய்தி அங்கே பத்திரிகை வரை போனதாம். இல்லம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. இந்தியாவில் இருந்த குழு மொத்தமும் கலைந்தது; அனுவும் அதில் ஒருத்தி. அனு போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

"அந்தம்மா செத்துப் பூட்டாங்க. நீ சொன்னதால திரும்பி வந்துட்டாங்களா?" என்று காசியம்மாள் ஆங்காரத்தோடு கேட்டாள். "ஊர் பேர் தெரியாதவளுக்கு உண்மை சொல்லி, உன் கூடக் கீறவங்க சோத்துல மண்ணப் போட்டுட்டியே."

அம்மா சொன்னதில் தப்பில்லை என்றுதான் ரூத்துக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெரோம் அவளைப் பைக்கில் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். மணலில் செயற்கைக் காலோடு நடக்க முடியாது. இடிந்த கோட்டைச் சுவரோரம் நிழலில் உட்கார்ந்தார்கள். வலை உலர்த்துகிறவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். ஜெரோம் கேட்டான்.

"நீ வரேன்னு சொல்லாம இருந்திருந்தா?"

"கத்திகினே இருந்திருப்பாங்க."

"யாரும் வரலன்னா?"

"பயந்துகினே செத்திருப்பாங்க."

"இப்ப?"

"இப்ப பயப்படல. நான் வருவேன்னு பாத்துகினு இருந்தாங்க." சொன்னபின் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "எது மேலுன்னு எனக்குத் தெரியலங்க."

அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரூத் மறுபடி வேலை தேடினாள். இந்தமுறை எப்படி எழுதுவது, எப்படிப் பேசுவது எல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது. ஏன் பழைய வேலையை விட்டீர்கள் என்று கேட்ட இரண்டு நிறுவனங்களுக்கு நடந்ததைச் சொன்னாள். இரண்டும் திரும்பக் கூப்பிடவில்லை. மூன்றாவது நிறுவனம் அதைக் கேட்கவே இல்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் கோப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் வேலை. முகம் கிடையாது, குரல் கிடையாது. பகலிலேயே செய்து முடிக்கலாம். அதில் வேகமாக மேலே வந்தாள். இப்போது ஒரு குழுவுக்கே அவள்தான் பொறுப்பு. வீட்டுக்குத் தளம் போட்டுப் பூசியாகிவிட்டது. நோயாளிகளோடு பேசும் வேலை இரண்டு முறை தேடி வந்தது. கூடுதல் சம்பளம். இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிவிட்டாள்.

போன தை மாதம் செங்கல்பட்டு ஸ்டேஷனில் அனுவைப் பார்த்தாள். மருத்துவமனைச் சீருடை, நரம்பு சுருண்டுவிட்ட கால்களில் இறுக்கமான பட்டை. வீட்டிலிருந்து செய்ய வேறு வேலை அமையாமல் மறுபடி வார்டுக்கே போயிருக்கிறாள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"என் டீம்ல ஒரு எடம் காலியா கீது அனு. உன் பேரைச் சொல்லட்டா?"

அனு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்மேல கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சுடி," என்றாள். "அன்னிக்கு நானும்தான் அழுத்திக்கிட்டே இருந்தேன். அந்தம்மா கத்தினது எனக்கும் கேட்டுது. உன் குரலைக் கேட்டாலே அதுதான் வருது. உன்கூட வேலை செய்ய என்னால முடியாது."

சென்னை கடற்கரைக்குப் போகும் வண்டி வந்து நின்றது. அனு பையை எடுத்துக்கொண்டு பெண்கள் பெட்டியை நோக்கி நடந்தாள். ஏறியபின் ஜன்னல் பக்கம் வரவில்லை. வண்டி கிளம்பிப் போனபிறகும் ரூத் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். பிறகு படாளம் பேருந்தைப் பிடிக்க எழுந்தாள்.