ஆரோக்கியதாஸின் பிளார்னி

காலை ஏழு மணிக்கு எங்கள் லேப்பில் பத்துப் பதினைந்து பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை பார்க்க வந்தவர்கள். யாரும் காபி குடித்திருக்க மாட்டார்கள், அதனால் யாருக்கும் பொறுமையும் இருக்காது. போன வியாழக்கிழமை அப்படி ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசியை உறையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் லேப்பில் ரத்தம் எடுக்கும் தாஸின் மனைவி ஸ்டெல்லா. "அக்கா, அவரு போயிட்டாருக்கா" என்றாள். நான் பட்டையை அவிழ்த்துவிட்டேன். "எடுத்தாச்சாம்மா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். "இல்ல சார், கொஞ்சம் இருங்க" என்றேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இரண்டு மாதமாக அவர் வரவில்லை என்றாலும், திரும்பி வருவார் என்று அவர் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்தோம். இனி இத்தனை கைகளையும் நானே குத்த வேண்டும், அதுவும் என் ஊமை வாயோடு என்று பயந்தேன். ஒருவர் செத்த செய்தி கேட்டதும் இப்படித் தோன்றுவது கேவலம்தான். ஆனால் உண்மை அதுதான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் லேப்புக்கு வந்திருக்கிற உங்களில் பலருடைய கையை ஆரோக்கியதாஸ் பிடித்திருப்பார். நான் உள்ளே இருப்பவள். மைக்ரோஸ்கோப் அறையில் உட்கார்ந்து, அவர் எடுத்தனுப்பும் ரத்தத்தைப் பார்ப்பது என் வேலை. பதினோரு வருடம் எங்களுக்கு நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான் இருந்தது. அவர் முகத்தைவிட அவர் பேச்சுதான் எனக்கு அதிகப் பழக்கம்.

"இன்னா சார் இது, நரம்பா ஜிஎஸ்டி ரோடா? கண்ண மூடிகினு குத்தலாம் போல கீது!" என்பார். நரம்பே கிடைக்காத ஒல்லிக் கையாக இருந்தால், "மேடம், உங்க நரம்பு வெக்கப்படுது. நல்ல குடும்பத்து நரம்பு" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அதற்குள் ரத்தம் குழாயில் இறங்கியிருக்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் நேராகவே கேட்டேன். "தாஸ், வர்றவங்களுக்கெல்லாம் இப்படி ஐஸ் வைக்கிறீங்களே, கூச்சமா இல்லையா?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அக்கா, ஐஸ் வெக்கிறவன் ஏதாவது கேப்பான். நான் கேக்குறது ரெண்டு மில்லி ரத்தம்தானே" என்றார்.

அந்தப் பேச்சுக்கு ஒரு பெயர் உண்டு என்று எங்களுக்குத் தெரியவந்தது அஸ்தினாபுரத்திலிருந்து வரும் ஒரு சார் மூலமாக. ஊசி என்றால் அவருக்கு உதறல். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகளை வீடியோ காலில் வைத்துக்கொண்டுதான் கை நீட்டுவார். அன்று சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தத்துக்காக மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். மகள் அங்கே நைட் டூட்டி முடித்து அப்போதுதான் அறைக்குத் திரும்பியிருந்தாள். தாஸ் தன் வழக்கமான கச்சேரியை ஆரம்பித்ததும் போனுக்குள் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணா, உங்களுக்கு செம பிளார்னி!"

அது என்னவென்று தாஸ் விடாமல் கேட்டார். அவள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் பிளார்னி என்று ஒரு சிற்றூர். ஐரிஷ் மொழியில் அதற்குச் சின்ன வயல் என்று அர்த்தமாம். அங்கே ஒரு பழைய கோட்டை. அந்தக் காலத்தில் இங்கிலாந்து ராணி அந்தக் கோட்டையை ஒப்படைக்கச் சொல்லி ஆளுக்கு மேல் ஆள் அனுப்பினாளாம். கோட்டைக்காரன் ஒருமுறைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை. ராணியைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினான், கோட்டையை மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் ராணி அலுத்துப்போய், இதெல்லாம் வெறும் பிளார்னி என்றாளாம். அப்படித்தான் அந்த ஊர்ப்பெயர் இனிப்பான புகழ்ச்சிப் பேச்சுக்கே பெயராகிவிட்டது என்று அங்கே கதை சொல்வார்கள். கோட்டை உச்சியில், மதில் ஓரத்தில் ஒரு கல் உண்டு. மல்லாந்து படுத்து, தலைகீழாகத் தொங்கி அதற்கு முத்தம் கொடுத்தால் அந்தப் பேச்சு நமக்கும் வந்துவிடும் என்பது நம்பிக்கை.

"சின்ன வயலா? அப்ப எங்க கீழ்க்கட்டளைதாம்மா அது. எங்க தாத்தா வயல்ல கல்லு இருந்துச்சோ இன்னாவோ, இப்ப அங்க அபார்ட்மெண்ட் கீது" என்றார் தாஸ். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "தலைகீழா தொங்கும்போது பயமா இருக்காதாம்மா?" "இருக்கும்ணா. ஒருத்தர் கெட்டியா புடிச்சுப்பாங்க" என்றாள். மற்றவர்களெல்லாம் கோட்டையைப் பற்றிக் கேட்க, இவர் ஏன் இதைக் கேட்டார் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

அதன் பிறகு 'பிளார்னி' எங்கள் லேப்பின் சொந்தச் சொல்லாகிவிட்டது. எனக்கும் அவருக்கும் அதை வைத்து ஓயாத வாக்குவாதம். பொய்யைப் பொய் என்று சொல்லாமல் வெளிநாட்டுப் பெயர் எதற்கு என்பேன். "பொய்யின்னா ஒருத்தருக்குத் தெரியும், ஒருத்தருக்குத் தெரியாது. இது ரெண்டு பேருக்கும் தெரியும் அக்கா" என்பார். என் கட்சி வேறு. ரிசல்ட்டை நாங்கள் சொல்லக் கூடாது என்பது லேப் விதி. யார் கதவருகே வந்து கேட்டாலும் "டாக்டர் சொல்வார்" என்பதுதான் என் பதில். நல்ல ரிசல்ட்டுக்கும் அதேதான், கெட்டதற்கும் அதேதான். பதினோரு வருடத்தில் அதுவரை அதை நான் மாற்றியதே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தாஸுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "ஒரு நல்ல வார்த்த சொல்லிட்டு குத்துங்களேன்" என்றார். "கைய ஆட்டாதீங்க" என்றேன் நான்.

ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இருக்கக் கூடாத அணுக்கள் பார்வை நிறைய இருந்தன. முதிராத பெரிய வெள்ளையணுக்கள், ரத்தப் புற்றுநோயின் அடையாளம். வேறு யாருடைய ரத்தமோ மாறிவிட்டது என்று நம்ப விரும்பி, லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அவர் பெயர். அந்த நேரம் பார்த்துத் தாஸ் கதவைத் திறந்தார்.

"இன்னாக்கா, எப்பிடி கீது?"

மூன்று வார்த்தைகூட வேண்டாம், இரண்டு போதும். டாக்டர் சொல்வார். தினமும் முப்பது தடவை சொல்கிற வார்த்தை. பயத்தில் அது நாக்குக்கு வரவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு தாஸ். இவ்வளவு அழகான ஸ்லைட நான் பார்த்ததே இல்ல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அக்கா, நீங்க எப்பவும் போல டாக்டர் சொல்வாருன்னு சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு நிம்மதியா வூட்டுக்குப் போயிருப்பேன்" என்றார்.

நான் என் வாழ்க்கையில் செய்த ஒரே முகஸ்துதி அது. டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே, மனைவிக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, ஒரு மனிதருக்கு அவர் சாவை அறிவித்தது அதுதான். டாக்டர் மறுநாள் எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்துச் சொன்னாராம். கேட்க வேண்டியதைத் தாஸ் முந்தின நாளே என் வாயால் கேட்டிருந்தார். அந்த ஒரு இரவு நிம்மதியை நான் பிடுங்கிக்கொண்டேனே என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். போனபோது, மருந்து ஏற்றி ஏற்றி அவர் நரம்புகளெல்லாம் சுருங்கியிருந்தன. ஒரு நர்ஸ் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், ஆனால் என்னைப் போல வாய் திறக்காதவள். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. தாஸ் மறு கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "ஏதாவது பேசுங்க அக்கா" என்றார்.

என்னால் முடியவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பேசி என்ன செய்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் கையைப் பார்த்தபடி நின்றேன். அவரே அந்த நர்ஸிடம், "சிஸ்டர், உங்க கை பஞ்சு மாதிரி கீது. குத்துனதே தெரியல" என்றார். அவள் லேசாகச் சிரித்தாள். மூன்றாவது குத்தில் நரம்பு கிடைத்தது.

அவள் போன பிறகுதான் சொன்னார். "முதல் நாள்லேருந்து எனக்குத்தான் பயம் அக்கா. ஊசிய எடுத்தா கை ஒதறும். அந்தக் கோட்டைக்காரனும் பயந்துதான் அப்படி எழுதியிருப்பான். பேசிகினே இருந்தா நடுக்கம் நின்னுடும், அவங்களுக்கும் நின்னுடும்." பதினோரு வருடம் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் எரிச்சலோடு கேட்டது ஒரு பயந்த மனிதரின் குரல். எனக்கு அது தெரியவில்லை. அதற்கு மேல் நான் அவரைப் பார்க்கவில்லை.

தாஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய நாவன்மை அல்ல, அது எனக்கு வராது. "ஏதாவது பேசுங்க அக்கா" என்று அவர் கேட்டது மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்போது யார் கையில் பட்டையைக் கட்டினாலும் அது கேட்கிறது. நேற்று ஒரு அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா, ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்" என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.